ஓட்டும் வரியும் போதுமா? குடிமக்கள் என்று நம்மை எதை வைத்துச் சொல்கிறோம்

20 ஜனவரி 2024, கேள்வி

வரி கட்டுகிறேன். தேர்தல் வந்தால் ஓட்டுப் போடுகிறேன். சிக்னலில் நிற்கிறேன். இதற்கு மேல் ஒரு குடிமகனிடம் நாடு என்ன எதிர்பார்க்கிறது? என் பங்கு அதோடு முடிந்தது என்றுதான் நினைக்கிறேன். மறுக்கிறவர்கள் பாடப்புத்தகத்தில் படித்ததைச் சொல்ல வேண்டாம், சொந்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

20 ஜனவரி 2024, இரவு 11.40

சொந்த அனுபவம் என்று கேட்டதால் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. நீலகிரி மாவட்டம் பந்தலூர்ப் பக்கம் எங்கள் ஊர், பக்கத்துத் தேவாலாவில் மழை பிடித்தால் விடாது, ஜூனிலிருந்து துணிமணி எல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். அந்த டப்பாவை மட்டும் அப்பாயி (அப்பாவின் அம்மா) மூன்று பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி அடுப்புக்கு மேலே பரணில் வைத்திருப்பார். உள்ளே இருப்பது 1972-ல் கண்டியில் கொடுத்த இந்தியப் பாஸ்போர்ட். தாத்தா கோட்டுப் போட்டு நிற்கிறார் (இரவல் கோட்டு), அப்பாயி மடியில் அத்தை, பக்கத்தில் நாலு வயதில் என் அப்பா. பின்பக்கத்தில் ராமேஸ்வரத்தில் குத்திய முத்திரை, ஊதா மை, தேதி பாதி அழிந்துவிட்டது.

அந்தப் புத்தகம் அப்பாயியை இந்தியக் குடிமகள் என்று சொன்னது. ஆனால் வந்து இறங்கிய நாளிலிருந்து முப்பது வருஷம் கடைத்தெருவில் அவர் பெயர் "சிலோன்காரி". என்னைப் பள்ளியில் "சிலோன் பையன்" என்றார்கள், நான் கூடலூர் ஆஸ்பத்திரியில் 1991-ல் பிறந்தவன். ஆகவே என் பதில் இது. காகிதம் ஒன்றுமே இல்லை. ஊரில் ஒரு காரியம் நடக்கும்போது நம்மைக் கேட்டு நடக்கிறதா, நாம் கேட்டால் பதில் வருகிறதா, அதுதான் குடியுரிமை. வரி, ஓட்டு, சிக்னல் இவையெல்லாம் அதன் வாசல்படி.

21 ஜனவரி 2024

"சிலோனிலிருந்து வந்தவர்கள் அகதிகள்தானே, அவர்களுக்கு எப்படிப் பாஸ்போர்ட்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கோபப்படாமல் எழுதப் பார்க்கிறேன், ஏனென்றால் இதை என்னிடம் கேட்காத ஆள் இல்லை.

நாங்கள் அகதிகள் இல்லை. அரசாங்கக் காகிதத்தில் எங்கள் பெயர் "தாயகம் திரும்பியோர்". அப்பாயியின் அப்பா துறையூர்ப் பக்கத்திலிருந்து சின்னப் பையனாகக் கூட்டிப் போகப்பட்டவர். ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியே (தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் வேலை) காலம் கழித்தவர். இலங்கையில் 1931-லேயே வயது வந்தோர் எல்லோருக்கும் ஓட்டு என்று வந்துவிட்டது. 1947 தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார், தோட்டத் தமிழர்களின் ஆட்கள் நாடாளுமன்றம் போனார்கள். அடுத்த வருஷம் சுதந்திரம், கூடவே 1948-ன் 18-ம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். அதன்படி அங்கே பிறந்தால் மட்டும் போதாது, அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) பிறந்தவர்களுக்கு ஏது பிறப்புச் சான்று? 1949-ல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, குடிமக்களுக்கு மட்டும்தான் ஓட்டு என்றார்கள். 1952 தேர்தலில், தேயிலைத் தோட்டங்கள் இருக்கும் மலையகத்திலிருந்து ஜெயித்துப் போன தோட்டத் தமிழர் ஒருவர்கூட இல்லை. அதற்குப் பிறகு மலையகத்து மக்கள் ஓட்டில் ஜெயித்து ஒருவர் போக 1977 ஆனது, அவர் தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான்.

பதிவு செய்து குடியுரிமை வாங்கிக்கொள்ளலாம் என்று 1949-ல் இன்னொரு சட்டமும் போட்டார்கள். 1946-க்கு முன் கல்யாணமானவர் என்றால் 7 வருஷம், ஆகாதவர் என்றால் 10 வருஷம் இடைவிடாமல் அங்கேயே வசித்ததற்குச் சாட்சி வேண்டும். சுமார் 8 லட்சம் பேருக்காக மனுப் போனது, கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. அப்பாயியின் அப்பாவுக்கு இல்லை. நடுவில் தன் அம்மா சாவுக்கு துறையூர் வந்துவிட்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பியிருக்கிறார். இடைவிடாத வசிப்பு அங்கே அறுந்துவிட்டதாம்.

1964 அக்டோபரில் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் போட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. பத்து வருஷம் கழித்து அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று இரண்டாக வகுத்தார்கள். இந்தியாவுக்கு மனுப் போட்டவர்கள் வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர் என்ற வகையில், இந்தியத் தூதரகத்திலேயே குடிமக்களாகப் பதிவானவர்கள். கப்பல் ஏறும் தலைமன்னாருக்கு ஓடிய ரயிலுக்கு மலையகத்தில் "ஒப்பாரிக் கோச்சி" என்று பெயர். ஸ்டேஷன் ஸ்டேஷனாக அழுகைதான். அப்பாயி அந்தக் கோச்சியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்து கோழியைப் பார்க்கப் போய்விடுவார்.

22 ஜனவரி 2024

இறுதி வாக்காளர் பட்டியல் இன்று வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 6.18 கோடி பேர். ஊருக்குப் போகும்போது காட்டலாம் என்று பட்டியலில் எங்கள் ஊர் வரும் பாகத்தை இறக்கிப் பார்த்தேன். அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறார், நான் இருக்கிறேன். அப்பாயி இல்லை. மூன்று தடவை பார்த்தேன்.

27 ஜனவரி 2024

நேற்று கிராம சபைக்குப் போனோம். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் முதல் நாள் கேள்விக்கு நான் சொல்ல வேண்டியது இதில்தான் இருக்கிறது.

எங்கள் ஊராட்சியில் மக்கள்தொகை 10,000-க்கு மேல். அதனால் கிராம சபைக்கு 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். பள்ளி மைதானத்தில் பந்தல், முன்னால் மேஜை, மேஜைமேல் வருகைப் பதிவேடு. வந்தவர்கள் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாதிப் பேர் டீக்கடைப் பக்கம் ஒதுங்கினார்கள். நூறு நாள் வேலைக்காரர்கள்தான் பந்தலுக்குள் உட்கார்ந்திருந்தார்கள், எல்லோரும் பெண்கள். ஊராட்சிச் செயலர் வரவு செலவை வாசித்தார். தெருவிளக்குப் பராமரிப்பு என்று ஒரு தொகை வந்ததும் அப்பாயி எழுந்துவிட்டார். நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றும் இல்லை.

எங்கள் பாடிக்கு (நீலகிரியில் பாடி என்பார்கள், அப்பாயி இன்னும் லயம் என்றுதான் சொல்லுவார்) தார்ரோட்டிலிருந்து 400 மீட்டர் மண்பாதை. ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் ஓடை. ஆறு மணிக்கு மேல் யானை இறங்கும் பாதை அது. ஒரு விளக்கு கிடையாது. கொழுந்து எடுத்துவிட்டு வருகிற பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்த பிறகுதான் உள்ளே நடப்பார்கள், முன்னால் போகிறவர் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே போக வேண்டும்.

"எங்க லயத்துப் பாதைக்கு ஆறு கம்பம் வேணும். நீங்க வாசிச்ச காசுல எங்க பாதைக்கு எவ்வளவு?" இவ்வளவுதான் கேட்டார். மேஜைக்குப் பின்னால் நின்ற ஒருவர் பட்டியலைப் புரட்டிவிட்டு, "பாட்டி, உங்க பேரு லிஸ்ட்லயே இல்ல, நீங்க எப்படிப் பேசுறீங்க?" என்றார். திட்டுவதுபோலக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். அப்பாயி அப்படியே உட்கார்ந்துவிட்டார். முந்தானையை இழுத்து மடியில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தார்.

அந்த மனிதர் சொன்னது சட்டப்படி சரி. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்கள்தான் கிராம சபை, அரசியல் சட்டத்தில் 243-ம் பிரிவே அப்படித்தான் சொல்கிறது. பட்டியல் என்பது ஓட்டுப் போடும் ஒரு நாளைக்கு மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். வருஷம் முழுக்கக் கேள்வி கேட்கும் உரிமையும் அந்தப் பட்டியலில்தான் தொங்குகிறது.

பிறகு பக்கத்து வீட்டு அக்கா எழுந்து, அப்பாயி கேட்ட அதே கேள்வியைத் தன் பெயரில் கேட்டார். "பரிசீலிக்கப்படும்" என்று எழுதிக்கொண்டார்கள்.

28 ஜனவரி 2024

"குடி"மகன் ஜோக்கை இரண்டு பேர் போட்டிருக்கிறார்கள். டாஸ்மாக் வந்ததிலிருந்து இந்த வார்த்தையை யாரும் நேராகச் சொல்ல முடியவில்லை, எனக்கு அதில் வருத்தம்தான். குடி என்றால் நம் பேச்சில் வீடு, குடும்பம், ஊரில் ஊன்றிய ஆள். குடியிருக்கிறோம், குடித்தனம் நடத்துகிறோம், குடிவைக்கிறோம். அப்பாயி இன்றைக்கும் "எத்தனை குடி இருக்கு அந்த லயத்துல?" என்றுதான் கேட்பார், எத்தனை வீடு என்று கேட்கமாட்டார். அவர் கணக்கில் குடி என்பது அடுப்பு எரிகிற இடம்.

4 பிப்ரவரி 2024

பெயர் ஏன் போனது என்று தெரிந்தது. கண் ஆபரேஷனுக்காகப் போன வருஷம் அத்தை வீட்டில், திருப்பூரில், நாலு மாதம் இருந்தார். சரிபார்க்க வந்தபோது ஆள் இல்லை, "இடம் மாறியவர்" என்று எழுதி எடுத்துவிட்டார்கள். நோட்டீஸ் வந்ததா என்று கேட்டால் வந்தது என்கிறார்கள், வீட்டில் யார் கையிலும் கிடைக்கவில்லை.

இதைக் கேட்டதும் அப்பாயி சிரித்தார். "எங்கப்பாவுக்கு மூணு மாசம், எனக்கு நாலு மாசம்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெயர் சேர்க்கும் படிவம் 6 கொடுத்தாயிற்று. வயதுச் சான்றுக்குப் பரணிலிருந்து டப்பா இறங்கியது. பாகத்துக்குப் பொறுப்பான டீச்சர் வீட்டுக்கே வந்து, பாஸ்போர்ட்டை வாங்கி அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை, அப்பாயிதான் ஒவ்வொருவராகக் கையைக் காட்டிச் சொன்னார்.

கேள்வி கேட்டவருக்கு ஒரு தகவல்: இறுதிப் பட்டியல் வந்துவிட்டதே, இனி முடியாது என்று விட்டுவிடாதீர்கள். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்கு ஏறத்தாழ 10 நாள் முன்புவரை கொடுக்கும் மனுவைச் சேர்க்க வழி இருக்கிறது. இன்னொன்று, 80 வயது ஆனவர்கள் படிவம் 12டி கொடுத்தால் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம். அப்பாயிக்கு அதையும் வாங்கிவிடப் போகிறேன்.

11 பிப்ரவரி 2024

"உரிமை உரிமை என்று பேசுகிறீர்கள், கடமையைப் பற்றி ஒரு வரி இல்லை" என்று ஒருவர் காரமாக எழுதியிருக்கிறார். சரி, பேசுவோம்.

1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தில் குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் என்று ஒரு பகுதியே கிடையாது. அது 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42-வது திருத்தத்தில் 51ஏ என்று உள்ளே வந்தது. அப்போது பத்துக் கடமைகள். 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் படிக்க வைப்பது பெற்றோர் கடமை என்று 2002-ல் பதினொன்றாவதைச் சேர்த்தார்கள். மீறினால் தண்டனை என்று அந்தப் பிரிவில் எதுவும் இல்லை.

அதனால் அது வெறும் பேச்சு என்று நான் சொல்லவில்லை. காடு, ஆறு, காட்டு உயிர்களைக் காப்பது கடமை என்று அதில் இருக்கிறது. யானை வழித்தடத்தில் குடியிருக்கிற எங்களுக்கு அது தினசரி விஷயம், யானை வந்து பலாமரத்தை ஒடித்துப் போட்டால் நாங்கள் வெடி வைப்பதில்லை, வனத்துறைக்குப் போன் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். என் வருத்தமெல்லாம், கடமையை முதலில் முடி அப்புறம் உரிமையைக் கேள் என்று வரிசை வைக்கிற பேச்சுமேல்தான். அப்பாயி நாற்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். அவர் முதுகில் கூடைக் கயிறு அழுந்திய தழும்பு இருக்கிறது. இதற்கு மேல் அவர் எந்தக் கடமையை முடித்துவிட்டு ஆறு கம்பம் கேட்க வேண்டும்?

3 மார்ச் 2024

திருத்தம். 80 வயது என்று எழுதியிருந்தேன். முந்தாநாள் விதியை மாற்றி 85 ஆக்கிவிட்டார்கள். நான் எழுதியதை நம்பி யாராவது வீட்டில் சொல்லியிருந்தால் மாற்றிச் சொல்லிவிடுங்கள். அப்பாயியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "நான் எப்ப வீட்டுல போடுறேன்னு சொன்னேன்? வரிசையிலதான் நிப்பேன்" என்றார்.

12 மார்ச் 2024

குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2019-க்கு நேற்று விதிகள் வந்துவிட்டன. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காளதேசம் மூன்றும் அதில் உண்டு, இலங்கை இல்லை. அதைப் பற்றி ஒரு சண்டை இங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. நான் அதற்குள் போகவில்லை. திருச்சியில் இருக்கும் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து ஒருவர் எனக்கு எழுதியது எல்லாவற்றையும் விட முக்கியம் என்று படுகிறது. அவர் அனுமதியோடு சாரத்தை மட்டும் சொல்கிறேன்.

அவரும் மலையகத் தமிழர்தான். அவருடைய குடும்பத்துக்கு 1983 வரை இந்தியா திரும்பும் முறை வரவில்லை. கலவரத்தில் கையில் எதுவும் இல்லாமல் ஓடி வந்தார்கள், அதனால் அகதிகள் பட்டியலில் சேர்ந்துவிட்டார்கள். அப்பாயியின் அப்பா மாதிரியே துறையூர்ப் பக்கம் பூர்வீகம். நாற்பது வருஷம் ஆகிறது. 2021-லிருந்து பலகையில் "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியிருக்கிறார்கள். ஆனால் வெளியூர் போனால் இன்னும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், கணக்கெடுப்பு நாளில் ஆள் இருக்க வேண்டும், பெயரில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. "காகிதம் ஒன்றுமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி. காகிதம் இருப்பவர்கள்தான் அப்படி எழுத முடியும்" என்று எழுதியிருந்தார்.

இரண்டு நாள் என்னால் ஒன்றும் எழுத முடியவில்லை. அவர் சொன்னது சரி. 20 ஜனவரி அன்று நான் எழுதிய அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

அரசியல் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். சட்டத்தின் முன் சமம் (14), உயிர் வாழும் உரிமை (21) இரண்டும் இந்த மண்ணில் இருக்கும் எந்த மனிதருக்கும் உண்டு. பேசுவது, கூடுவது, சங்கம் வைப்பது, நாட்டில் எங்கே வேண்டுமானாலும் போய்க் குடியிருப்பது (19), அரசு வேலையில் சம வாய்ப்பு (16) என்று வரும்போது குடிமக்களுக்கு மட்டும் என்று இருக்கிறது. கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று நான் பஸ் ஏறியபோது யாரிடமும் சொல்லிவிட்டு ஏறவில்லை. அந்தச் சுகம் எனக்கு அந்த டப்பாவிலிருந்து வந்தது.

இன்னும் ஒன்று. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்கள், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, பிறந்ததாலேயே குடிமக்கள். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அப்பாவோ அம்மாவோ ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும், 2004 டிசம்பரிலிருந்து இன்னும் இறுக்கிவிட்டார்கள். நான் 1991. கூடலூரில் பிறந்தேன் என்று முதல் நாள் பெருமையாக எழுதினேனே, கூடலூரில் பிறந்தது மட்டும் என்னைக் குடிமகன் ஆக்கவில்லை. அந்தப் படத்தில் கோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நாலு வயதுப் பையன் குடிமகனாகப் பதிவானதால் நான் குடிமகன். முகாம்காரரின் மகனும் 1991-ல் பிறந்தவர்தான். அவருக்கு ஓட்டு இல்லை.

17 மார்ச் 2024

நேற்று தேர்தல் அறிவித்துவிட்டார்கள், ஏப்ரல் 19. அப்பாயி பெயர் ஏறிவிட்டது. பாகத்தின் கடைசிப் பக்கத்தில், புதிதாகச் சேர்ந்த 18 வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் இருக்கிறது.

19 ஏப்ரல் 2024, இரவு

காலை ஏழே காலுக்கு வரிசையில் நின்றார். பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள், உட்காரவில்லை. உள்ளே அலுவலர் வரிசை எண்ணையும் பெயரையும் சத்தமாக வாசித்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். அப்பாயி "ஆமா, நான்தான்" என்றார். யாரும் கேட்கவே இல்லை, அவராகவே சொன்னார்.

வெளியே வந்து விரலை ஊதிக்கொண்டே, "சீட்டு கண்ணாடிக்குள்ள தெரிஞ்சுச்சு, நான் போட்டதுதான்" என்றார். யாருக்குப் போட்டார் என்று வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை, 1977-லிருந்தே இல்லை. தாத்தாவுக்கும் சொன்னதில்லையாம்.

20 ஏப்ரல் 2024

முகாம் நண்பர் இன்று கூப்பிட்டார். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், தான் பிறப்பால் இந்தியக் குடிமகள் என்று உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு 2022-ல் சாதகமாகத் தீர்ப்பு வாங்கியவர், நேற்று திருச்சி கொட்டப்பட்டு முகாமிலிருந்து போய் முதன்முதலாக ஓட்டுப் போட்டிருக்கிறார். பத்திரிகையிலும் வந்திருக்கிறது. 1987 ஜூலைக்கு முன் பிறந்தவர் என்ற அந்த ஒரு தேதிதான் அவரைக் காப்பாற்றியது. முகாமே வந்து விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னார். தன் மகனும் பார்த்தான் என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

9 ஜூன் 2024

தெருவிளக்குக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு.

10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும், 27-வது நாள் வந்தது. பாதையின் முதல் பாதி ஊராட்சிக் கணக்கில் இருக்கிறது. அடுத்த பாதி "பிரிவு 17" நிலம். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்கு: இது பழைய நிலம்பூர்க் கோவிலகம் என்ற கேரள அரச குடும்பத்தின் ஜென்ம (பரம்பரை உரிமை) நிலம். 1969-ல் ஜென்ம ஒழிப்புச் சட்டம் போட்டு அரசு எடுத்தது. அதில் பெரிய தோட்டங்கள் குத்தகைக்கு வைத்திருந்த பகுதி 17-ம் பிரிவில் மாட்டிக்கொண்டு, வழக்கு வழக்காக இன்னும் முடியாமல் கிடக்கிறது. அதில் குடியேறியவர்களில் எங்களைப் போன்ற தாயகம் திரும்பியோர் ஏராளம். சமவெளியில் வியாபாரக் கடன் கொடுத்து இறக்கிவிட்டார்கள், கொழுந்து எடுப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாதவர்கள் கடையை மூடிவிட்டு மலை ஏறி வந்தார்கள். பட்டா இல்லை, பல வீடுகளுக்கு மின் இணைப்பு இல்லை. ஓட்டு மட்டும் உண்டு.

இதையும் எழுதிவிடுகிறேன். கேள்வி கேட்டவர் நேற்று, "நீங்கள் பன்னிரண்டு வருஷமாகக் கோயம்புத்தூரில் இருக்கிறீர்கள், உங்கள் வார்டு கவுன்சிலர் யார்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. என் பெயர் இன்னும் ஊர்ப் பட்டியலில்தான் இருக்கிறது. சாதாரணமாக எங்கே வசிக்கிறோமோ அங்கேதான் பதிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நகரத்திலும் 2022-லிருந்து பகுதி சபை என்று விதி இருக்கிறது, நான் ஒரு முறைகூட எட்டிப் பார்த்ததில்லை. தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை வந்தால் வீட்டு ஓனரிடம் புலம்பிவிட்டு லாரித் தண்ணீர் வாங்குகிறேன். அப்பாயிக்காக இவ்வளவு அலைந்தேன், நான் குடியிருக்கிற தெருவுக்கு ஒன்றும் செய்யவில்லை. பெயரை மாற்றப் படிவம் 8 எடுத்து வைத்திருக்கிறேன். ஊர்ப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க மனசு வரவில்லை என்பதும் உண்மை.

16 ஆகஸ்ட் 2024

நேற்று கிராம சபை. படிவம் 8 கொடுத்துவிட்டேன், அதனால் நான் இந்த முறை பந்தலுக்கு வெளியேதான் நின்றேன்.

வருகைப் பதிவேட்டில் அப்பாயி தன் பெயரைத் தானே எழுதினார். கைநாட்டு வைப்பவர்தான் அவர். முதியோர் கல்வி வகுப்பில் எப்போதோ கற்றுக்கொண்ட நாலு எழுத்தைப் போன வாரம் முழுக்க அக்கா மகளின் நோட்டில் எழுதிப் பார்த்திருக்கிறார். மேஜையில் மைப்பெட்டியைத் தள்ளினார்கள், அவர் பேனாவைக் கேட்டார். பின்னால் வரிசை நின்றது, யாரும் அவசரப்படுத்தவில்லை.

விளக்கு விஷயம் வந்ததும் எழுந்தார். இந்த முறை பட்டியலை யாரும் புரட்டவில்லை. மேலிடத்திலிருந்து வந்த பற்றாளர், ஊராட்சிப் பாதை முடிகிற இடம்வரை மூன்று கம்பம் போடலாம், அதற்கு மேல் நிலப் பிரச்சினை என்றார். "யானைக்கு அந்தப் பிரிவு தெரியுமா தம்பி?" என்று அப்பாயி கேட்டார். பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. "ஆறுன்னே எழுதுங்க. மூணு இப்ப, மூணு எப்பன்னு எழுதுங்க." தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு, எழுதியதை வாசிக்கச் சொன்னார். வாசித்தார்கள். இரண்டாவது மூன்றுக்கு "உரிய துறையின் அனுமதி பெற்று" என்று இருந்தது. அதற்கு என்ன அர்த்தம், எந்தத் துறை, யார் எழுதிக் கேட்பார்கள் என்று மூன்று கேள்வி. செயலர் தானே கடிதம் எழுதுவதாகச் சொல்லி அதையும் சேர்த்தார்.

இன்று காலை ஆள் வந்து அளந்து, மூன்று இடத்தில் அடையாளத்துக்கு மூங்கில் குச்சி நட்டுவிட்டுப் போனார்கள். நான் பஸ்ஸுக்குக் கிளம்பிப் பாதையில் இறங்கும்போது பார்த்தால், ஓடையைத் தாண்டி நாலாவது இடத்திலும் ஒரு குச்சி நின்றது. அது கொய்யா மரத்துக் குச்சி, எங்கள் வீட்டு வாசல் மரம்.